நான்கு புள்ளிகளில் ஒரு வளைகோடு

1950களின் இறுதியில் பிரெஞ்சு மகிழுந்து ஆலைகளை ஒரு சிக்கல் வாட்டியது. வண்டிக்கூட்டின் வளைவைக் கலைஞர் களிமண்ணில் வடித்துவிடுவார். அவ்வளைவுக்கேற்ப எஃகு அச்சைச் செதுக்கும் பொறிக்கோ எண்கள் வேண்டும். கையால் வடித்த வளைவுக்கு எண் ஏது?

சித்ரோயன் நிறுவனத்தில் 1958இல் சேர்ந்த இளங்கணிதர் பால் டி காஸ்டெல்ஜோ மறு ஆண்டே விடை கண்டார். நிறுவனம் அதைத் தொழில்மறையாகப் பூட்டி வைத்தது. 1960களில் ரெனோவின் பொறியாளர் பியர் பெசியே தம் வழியில் அதே விடையை எட்டி, வெளியிடவும் செய்தார். ஆகவே வளைகோடு பெசியேயின் பெயரைத் தாங்கிற்று. முந்திக் கண்டவருக்குக் கணக்கிடும் முறையின் பெயரே மிஞ்சியது. நீதியன்றுதான். இரண்டிற்கும் அடியில் கிடப்பதோ, செர்கேய் பெர்ன்ஸ்டைன் 1912இல் வேறொரு தேவைக்காக அமைத்த பல்லுறுப்புக் கோவை.

முறையைக் கட்டத்தாளிலேயே செய்து பார்க்கலாம். (0,0), (0,4), (4,4), (4,0) என நான்கு புள்ளிகளை இடுக. முதலும் ஈறும் கோட்டின் முனைகள்; இடையிலுள்ளவை கோட்டைத் தம்பால் ஈர்க்கும் பிடிகள். கோடு அவற்றின் வழியே செல்வதில்லை. அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்து நடுப்புள்ளிகளைக் குறித்தால் (0,2), (2,4), (4,2) கிடைக்கும். அவற்றின் நடுப்புள்ளிகள் (1,3), (3,3). இவ்விரண்டின் நடு (2,3). அதுவே வளைகோட்டின் உச்சி. கூட்டலும் பாதியாக்கலும் அன்றி வேறு கணக்கில்லை. அதனினும் அழகு ஒன்றுண்டு: வழியில் கிடைத்த (0,0), (0,2), (1,3), (2,3) ஆகிய நான்கும் இடப்பாதியை ஆளும் புதிய புள்ளிகளாகிவிடுகின்றன. அப்பாதியையும் அவ்வாறே பிளக்கலாம். துண்டு நேர்கோடாகத் தோன்றும்வரை பிளந்துகொண்டே போகலாம். உருவைப் பெரிதாக்கினால் இன்னும் சில முறை பிளந்தால் போதும். புள்ளிப்படம் கட்டங்கட்டமாய்ச் சிதையும் அளவிலும் வளைகோட்டு ஓவியம் கூர்மை குன்றாது நிற்பது இதனாலேயே.

1984இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இவ்வளைகோட்டை அச்சுத்துறைக்குக் கொணர்ந்தது. 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் அதன் பிடிகளை வடிவமைப்பாளர் கையிலேயே கொடுத்தது. திரையில் நாம் படிக்கும் ‘ஐ’யின் சுழியும் இத்தகைய கோடுகளின் தொடர்ச்சியே, ட்ரூடைப் எழுத்துருக்களில் மட்டும் ஒரு துண்டுக்கு மூன்று புள்ளிகள். சுழியின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் முனைப்புள்ளி நாட்டுவது எழுத்துரு அமைப்போர் வழக்கம். ‘ட’வுக்கு இத்தொல்லை இல்லை.

இத்துணை வல்லமை வாய்ந்த கோட்டுக்கு வட்டம் மட்டும் வசப்படவில்லை. எந்தப் பல்லுறுப்புக் கோவையும் வட்டவில்லோடு முற்றப் பொருந்தாது. ஆதலின் மென்பொருள்கள் வட்டத்தை நான்கு கால்வில்களாகப் பகுத்து, ஒவ்வொரு பிடியையும் தன் முனையிலிருந்து ஆரத்தின் 0.5523 மடங்கு தொலைவில் நிறுத்துகின்றன. 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நேரும் பிழை 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் அதை அறியாது, அச்சகத்தாரும் கேட்பதில்லை.