வாய்ப்பூட்டு – 14: டைப்ரைட்டருக்கும் கைரேகை உண்டு

போன வாரம் மாஸ்கோவில் நடால்யா கொர்பனேவ்ஸ்கயாவை டைப்ரைட்டர் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். 1968 ஏப்ரலில் கார்பன் தாள் வைத்து ரகசிய இதழ் தட்டியவர். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஹங்கேரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். கிளம்பத்தான் செய்தேன், ருமேனியா வழிமறித்துவிட்டது.

1983 மார்ச்சில் சௌஷெஸ்கு அரசு ஓர் ஆணை போட்டது. எண் 98. வீட்டில் டைப்ரைட்டர் வைத்திருக்க போலீஸ் அனுமதி வேண்டும். அங்கே போலீஸுக்கு ‘மிலிட்சியா’ என்று பெயர். பழைய தண்டனை உள்ளவர்களுக்கும், பொது ஒழுங்குக்கு ஆபத்தானவர் என்று அவர்கள் நினைப்பவர்களுக்கும் அனுமதி கிடையாது. துப்பாக்கி லைசென்ஸ் மாதிரிதான் என்று தாண்டிப் போயிருப்பேன். அடுத்த ஷரத்துதான் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும், வருடம் பிறந்ததும் முதல் இரண்டு மாதத்துக்குள், தன் மெஷின் எழுதும் எழுத்துக்கு மாதிரி கொடுக்க வேண்டும். எல்லா எழுத்தும், எல்லா எண்ணும், எல்லாக் குறியும்.

ஏன் வருடா வருடம்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாஸ்டர் தாளைக் கையில் வாங்கியதுமே, “இது ஜன்னலோர மெஷின்ல அடிச்சதுதானே?” என்பார். அந்த ரெமிங்டனில் ‘e’யின் வயிறு மையால் அடைத்திருக்கும், ‘t’ ஒரு மயிரிழை இறங்கி உட்காரும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு மெஷின்கள்கூட, நாள்பட நாள்பட ஆளுக்கொரு விதமாகத் தேயும். தேய்மானம் மாறிக்கொண்டே போகுமென்பதால் மாதிரியையும் புதுப்பிக்க வேண்டும். எங்கள் மாஸ்டரின் கண் எத்தனை மொட்டைக் கடுதாசிகளைக் கண்டுபிடித்திருக்குமோ! ருமேனியப் போலீஸ் அந்தக் கண்ணைச் சட்டமாக்கியது. சுவரில் ஒரு துண்டறிக்கை ஒட்டப்பட்டால் கோப்பிலிருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி.

புக்கரெஸ்ட்டில் ஜனவரி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கடனை அடைக்கிறேன் பேர்வழி என்று சௌஷெஸ்கு வீடுகளின் வெப்பத்தையே குறைத்துவைத்திருந்த காலம். அந்தக் குளிரில் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் தங்கள் மெஷினுக்காக ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். இன்னும் செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டில் எத்தனை பேர் அகப்பட்டார்கள் என்பதல்ல விஷயம். ராத்திரி மெஷின் முன்னால் உட்காருகிறவனுக்குத் தன் ‘e’ போலீஸ் பீரோவில் இருக்கிறது என்று தெரியும். அப்புறம் தணிக்கை அதிகாரிக்கு எதற்குச் சம்பளம்?

(‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ பார்த்தவர்களுக்கு அந்தக் குட்டி மெஷின் நினைவிருக்கும். கிழக்கு ஜெர்மனி நாடகாசிரியர் தன் சொந்த டைப்ரைட்டரில் அடித்தால் மாட்டிக்கொள்வார் என்பதால், எங்கும் பதிவாகாத ஒன்றைக் கடத்தி வருவார்கள். அவர் அதை வாசற்படிக்கு அடியில் ஒளித்துவைப்பார்.)

புக்கரெஸ்ட் என்றதும் பியோத்தர் லெஷ்சென்கோவைச் சொல்லாமல் போக மனசில்லை. அங்கே ரெஸ்டாரன்ட் நடத்தியபடி ரஷ்ய மொழியில் டாங்கோ பாடியவர். சோவியத்தில் அவர் இசைத்தட்டு விற்பனைக்குக் கிடையாது. லெனின்கிராட் பையன்கள் விடுவார்களா? ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கி, கத்தரியால் வட்டமாக வெட்டி, சிகரெட் நுனியால் நடுவில் ஓட்டை போட்டு, அதில் பாட்டைப் பதித்து ரகசியமாக விற்றார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்பின்மேல் லெஷ்சென்கோ பாடினார். ‘எலும்பிசை’ என்றே அதற்குப் பெயர். அந்த வேலைக்காக ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி சிறைக்குப் போனார். லெஷ்சென்கோவை 1951இல் ருமேனியாவிலேயே பிடித்தார்கள். 1954இல் சிறை மருத்துவமனையில் இறந்தார்.

நகலெடுக்கும் கருவியைக் கண்டு நடுங்குவது கம்யூனிஸ்ட்டுகளின் தனிச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களோடு ஒரு பொடி எழுத்து வரி இருக்கும். அது 1867இல் வெள்ளைக்காரன் போட்ட அச்சகச் சட்டத்தின் வாரிசு. 2024இல் புதுச் சட்டம் வந்து அந்தப் பழையதைக் கழற்றிவிட்டது, ஆனால் வரி போகவில்லை. அதை ஒரு தனி வாரத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

1989 டிசம்பர் 25 அன்று சௌஷெஸ்குவைச் சுட்டுக் கொன்றார்கள். ஆணை 98, புது அரசு கையோடு ரத்து செய்த முதல் சட்டங்களில் ஒன்று. நாடே கொந்தளித்துக் கிடக்கும்போது டைப்ரைட்டரை ஞாபகம் வைத்திருந்து விடுவித்திருக்கிறார்கள். எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

இனி ஹங்கேரி. அங்கே இந்தக் கதை எதுவும் செல்லாது. மாதிரி கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, யாரையும் உள்ளே தள்ளவில்லை. ‘நேப்சபட்சாக்’ 1956இல் தொடங்கிய நாளேடு, ஓர்பன் அரசின் முகத்துக்கு நேரே எழுதிவந்தது. புது அலுவலகத்துக்கு மாறப்போகிறோம் என்று சொல்லியிருந்ததால், ஊழியர்கள் மேசையைக் காலி செய்து சாமான்களைப் பெட்டியில் கட்டிவைத்திருந்தார்கள். 2016 அக்டோபர் 8, சனிக்கிழமை, பத்திரிகை நிறுத்தப்பட்டது என்று கடிதம் வந்தது. காரணம் நஷ்டம். ஆளுங்கட்சியும் இது சுத்தமான வியாபார முடிவு என்றது. அந்த மாதம் முடிவதற்குள் உரிமையாளர் நிறுவனமே கைமாறியது. 2018இல் நானூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்கள் ஒரே அறக்கட்டளையின் மடியில் போய் விழுந்தன. உரிமையாளர்கள் அவற்றை இனாமாகக் கொடுத்தார்களாம்.

இந்தக் கைமாற்றல்களில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர் லோரின்ட்ஸ் மேசாரோஷ். ஓர்பன் வளர்ந்த ஃபெல்சூட் கிராமத்துக்காரர், கேஸ் குழாய் பொருத்தும் வேலையில் ஆரம்பித்து நாட்டின் முதல் பணக்காரரானவர். அடுத்த வாரம் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.