காய்ச்சல் விட்டது, இருதயம் தப்பியதா?

நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் வேர்த்துக் கொட்டியது, காய்ச்சல் விட்டது. தலைக்குத் தண்ணீர் விட்டு, மிளகு ரசம் சோறும் சாப்பிட்டாயிற்று. மறுநாள் காலை கிண்டி தொழிற்பேட்டையில் வேலை!

பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் இல்லை.

ஆனால் சிலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. "காய்ச்சல் களைப்பு, இரண்டு நாளில் சரியாகும்" என்கிறார்கள் வீட்டில். அது வெறும் களைப்பாக இல்லாமலும் போகலாம். இருதயத்தின் தசை வீங்கியிருக்கலாம்!

ஓயாத உழைப்பாளி

இருதயம் மூடிய கையளவுதான். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. துடிப்பது அதன் தசை. அந்தத் தசை புண்பட்டு வீங்குவதே இருதயத் தசை அழற்சி. டாக்டர்கள் இதை மயோகார்டைட்டிஸ் என்பார்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் வைரஸ் கிருமிகள். இன்புளூயன்சா, டெங்கு, கொரோனா ஆகிய காய்ச்சல்களிலும் இது வருவதுண்டு. காக்சாக்கி என்ற வைரஸ் இதில் பேர்போனது. காக்சாக்கி என்பது அமெரிக்காவில் ஓர் ஊர். அங்கே நோயுற்ற குழந்தைகளிடம் கண்ட இந்தக் கிருமியைப் பற்றி 1948-ல் உலகம் அறிந்தது.

காவல்காரனே அடித்தால்?

கிருமி புகுந்தால், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதை எதிர்த்துப் போராடும். சிலருக்குக் கிருமி ஒழிந்த பிறகும் அந்தப் போர் ஓய்வதில்லை. திருடனைத் துரத்தி வந்த காவல்காரன் வீட்டுக்காரரையே அடிப்பது போல, அவை இருதயத் தசையைத் தாக்குகின்றன. லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களுக்குக் கிருமி இல்லாமலே இது நேரலாம்.

கிருமியைத் தேடும் கூடம்

காய்ச்சல் கொடுத்த கிருமி எது என்று கண்டறியும் கூடம் ஒன்று கிண்டியிலேயே இருக்கிறது. அதுதான் கிங் இன்ஸ்டிடியூட். 1899-ல் தொடங்கிய இந்த நிலையம், கர்னல் கிங் என்ற சுகாதார அதிகாரியின் பெயரைத் தாங்கியது. பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் ஒரு காலத்தில் இங்கேதான் தயாராயிற்று. 2020-ல் கொரோனா பரவியபோது நோயாளிகளின் சளி இங்கே சோதிக்கப்பட்டது.

அதே வளாகத்தில் 2023 ஜூன் மாதம், 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இருதய நோய்க்கும் அங்கே சிகிச்சை உண்டு.

எப்போது ஓட வேண்டும்?

காய்ச்சலின்போதோ, விட்ட சில வாரங்களிலோ நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு, கால் வீக்கம், மயக்கம் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இளைஞர்தானே என்று அலட்சியம் கூடாது. இந்நோய் இளைஞர்களையும் தாக்கும்.

இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்கோ ஆகியவற்றால் இருதயத்தின் நிலை தெரிந்துவிடும். பலர் முழுக்கக் குணமடைகிறார்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இருதயம் பலவீனப்பட்டு விரிந்துவிடும். அபூர்வமாகத் திடீர் மரணமும் நேர்வதுண்டு.

நோய் உறுதியானால் முதல் மருந்து ஓய்வு. பொதுவாக 3 முதல் 6 மாதம் ஓட்டம், விளையாட்டு, பாரம் தூக்குதல் கூடாது. மறுபடி எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணீர் விடலாம். ஆனால் மூச்சு வாங்கும் மனிதனை வேலைக்கு அனுப்பக் கூடாது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்; இருதயம் போனால்?