ஒரு குடும்பப் பெயரின் கடற்பயணம்

கொழும்பு மாநகரில், பம்பலப்பிட்டியில், லொறென்ஸ் வீதி என்றொரு வீதி உண்டு. அப்பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றோர்க்கு நினைவில் எழுபவர் சாள்ஸ் அம்புறோஸ் லொறென்ஸ் ஆவார். 1829இல் மாத்தறையில் பிறந்த அவர் புகழ்பெற்ற வழக்கறிஞர். சட்ட நிரூபண சபையில் பறங்கியரின் பிரதிநிதியாய் வீற்றிருந்தவர். 1859இல் ‘சிலோன் எக்சாமினர்’ என்னும் பத்திரிகையை விலைக்கு வாங்கி, இந்நாட்டவர் கையில் ஒரு செய்தித்தாளை நிறுவியவர். படைச் செலவை இத்தீவின் மக்கள் தலையில் ஏற்றுதல் தகாது என்று வாதாடி, 1864இல் ஏனைய உத்தியோகப் பற்றற்ற உறுப்பினரோடு சேர்ந்து சபையைத் துறந்து வெளியேறியவர். ‘சிலோன் லீக்’ என்னும் அரசியற் கழகம் அடுத்த ஆண்டில் அதன் பயனாகத் தோன்றிற்று.

இத்துணை இலங்கைப் பற்று மிக்க ஒருவரின் பெயர் சிங்களமும் அன்று, தமிழும் அன்று. நம்மை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூவரின் மொழிக்கும் அஃது உரிய வடிவம் அன்று. அது ஜேர்மானியக் குடும்பப் பெயர். இத்தீவை ஒரு நாளும் ஆளாத ஒரு நாட்டின் பெயர் இங்கு வந்து வேரூன்றியது எங்ஙனம்? அவ்வினாவின் விடை, பெயர்களைப் பற்றியும் மக்கள் இடம் பெயர்தலைப் பற்றியும் பலவற்றை நமக்கு விளக்கும்.

முதலில் குடும்பப் பெயர் என்பது யாது என நோக்குவோம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலாய நம் ஊர்களில் ஒருவர்க்கு இடப்படுவது அவர்தம் சொந்தப் பெயரே. தந்தையின் பெயரையோ அதன் முதலெழுத்தையோ முன்னே சேர்த்து எழுதுவர். மகனுக்கு மகன் பிறந்தால் அம்முதலெழுத்தும் மாறிவிடும். ஆகவே பாட்டன் பெயரும் பேரன் பெயரும் ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடக்கும். குடும்பப் பெயரோ அவ்வாறன்று. தந்தையிடமிருந்து மகனுக்கும், அவனிடமிருந்து அவன் மகனுக்கும் மாறாமல் இறங்கி வருவது அது.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் தொன்று தொட்டு இருந்ததில்லை. ஜேர்மனி நாட்டின் நகரங்களில் பன்னிரண்டாம் நூற்றாண்டு முதலாகவே இது பரவலாயிற்று. ஊர் சிறிதாய் இருந்தவரை யோஹான் என்றால் இன்னார் என்று எவர்க்கும் தெரியும். நகரம் பெருகிப் பத்து யோஹான்கள் ஒரே தெருவில் வாழத் தொடங்கியதும், வரி தண்டுவோர்க்கும் உறுதி எழுதுவோர்க்கும் வேறோர் அடையாளம் வேண்டியதாயிற்று. வட கடலோரத்துப் பிரீஸ்லாந்துப் பகுதியிலோ, நம் வழக்கம் போலவே தந்தையின் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்தது. அங்கே நிலையான குடும்பப் பெயர் கொள்ளுமாறு 1811இல் நெப்போலியனின் ஆணை கட்டாயப்படுத்திற்று. ஆகவே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் ஆட்சியும் பதிவேடும் ஈன்ற குழந்தை எனலாம்.

ஜேர்மானியக் குடும்பப் பெயர்களை நால்வகையாகப் பகுப்பர். தொழிலாற் பெற்ற பெயர் ஒன்று. பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்தில் இத்தீவின் நில அளவைத் தலைவராய் இருந்தவர் கப்டன் ஷ்னைடர். ஷ்னைடர் என்றால் தையற்காரர் என்பது பொருள். இடத்தாற் பெற்ற பெயர் இரண்டாவது. 1736 முதல் 1740 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாய் இருந்தவரும், கொழும்பில் அச்சுக்கூடம் தோன்றக் காரணராய் இருந்தவருமான வன் இம்ஹொஃப் என்பார், ஜேர்மனியின் லேயர் என்னும் ஊரிற் பிறந்தவர். இம்ஹொஃப் என்றால் ‘பண்ணை வளவினுள்’ என்று பொருள். அதன் முன்னே ஒல்லாந்தர் ‘வன்’ என்னும் தம் சொல்லையும் சேர்த்துக் கொண்டனர். உருவத்தாலும் குணத்தாலும் பெற்ற பெயர் மூன்றாவது. கறுப்பர் எனப் பொருள்படும் ஷ்வார்ட்ஸ், சிறியவர் எனப் பொருள்படும் கிளைன் என்பன இவ்வகைய. முன்னோர் ஒருவரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராய் நிலைத்தல் நான்காவது. லொறென்ஸ் இந்நான்காம் வகையைச் சார்ந்தது.

இதன் மூலம் லௌறென்சியுஸ் என்னும் இலத்தீன் பெயர். உரோமாபுரியின் அருகே இருந்த லௌறென்றும் என்னும் பழைய ஊரினர் என்பது அதன் பொருள். கி.பி. 258இல் உரோமாபுரியில் உயிர்த்தியாகம் செய்த ஒரு கிறித்தவத் தொண்டர் இப்பெயரினர். 955ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், அவருக்குரிய திருநாளில், ஜேர்மானிய அரசன் முதலாம் ஒட்டோ லெக்பெல்ட் என்னுமிடத்தில் மாபெரும் வெற்றி பெற்றான். அதன் பின் ஜேர்மானியர் தம் மைந்தர்க்கு இப்பெயரைப் பெரிதும் விரும்பி இட்டனர்.

இந்த ஒரு பெயர் இலங்கைக்குப் பன்முறை வந்துள்ளது. 1505இல் வந்ததாக நம் பாடநூல்கள் கூறும் போர்த்துக்கேயத் தளபதியின் பெயர் லொறென்சோ த அல்மேதா. அப்பெயரும் இப்பெயரும் ஒன்றே. ஆங்கிலேயரின் லோறன்ஸ் என்பதும் அதுவே. இது நமக்குப் புதுமையன்று. இப்றாகீம் என்பதும் ஆபிரகாம் என்பதும், யூசுப் என்பதும் யோசேப்பு என்பதும் ஒரே பெயரின் வேறு வேறு உடைகள் என்பதைக் கல்முனைச் சந்தையில் எவரும் அறிவர்.

இனி, ஜேர்மானியர் இங்கு வந்த வழியைக் காண்போம். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரால் ஜேர்மானிய நாடு பாழ்பட்டது. அயலிலோ ஒல்லாந்து செழித்தது. வேலை தேடி அம்ஸ்ரடாம் நகருக்கு நடந்து வந்த இளைஞரைச் சில தரகர் வீட்டில் தங்க வைத்து உணவூட்டிக் கடன் ஏற்றுவர். பின் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியிற் சேர்த்து, அவர்தம் சம்பளத்திலிருந்து அக்கடனை வாங்கிக் கொள்வர். சாதாரணப் போர்வீரனுக்கு மாதம் ஏறத்தாழ 9 கில்டர் சம்பளம். இத்தகைய தரகரை மக்கள் ‘ஆன்மாவை விற்போர்’ என்றே இகழ்ந்தனர். 1602 முதல் கொம்பனி கலையும் வரை ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் அதன் கப்பல்களில் கீழ்த்திசைக்குப் புறப்பட்டனர். அவர்களுட் பாதிக்கு அண்மித்தோர் ஒல்லாந்துக்கு வெளியே பிறந்தோர். அவருட் பெரும்பாலார் ஜேர்மானியர். ஊர் திரும்பியவர் மூன்றில் ஒரு பங்கினரே. நோயாலும் போராலும் கடலாலும் மாண்டோர் மிகப் பலர். எஞ்சியோர் வந்த இடத்திலேயே வாழ்வமைத்தனர். 1656இற் கொழும்பு வீழ்ந்த போரைக் கண்ட நியூரம்பேர்க் வீரர் சார், 1676 முதல் இங்கு சேவை செய்த ஷ்வைட்சர், 1730களில் இலங்கைக் காட்சிகளை வரைந்த ஹைட் ஆகியோர் ஊர் மீண்டு நூல்கள் எழுதினர். நூல் எழுதாதவர் தம் பெயரை மட்டும் இங்கு விட்டுச் சென்றனர்.

கப்பலேறும்போதே அப்பெயர் மாறத் தொடங்கும். கொம்பனியின் எழுத்தர் ஒல்லாந்தர். ஜேர்மானியன் வாயாற் சொல்வதைத் தம் காதிற் கேட்டவாறு சம்பளப் பேரேட்டில் எழுதுவர். யோஹான் என்பான் யான் ஆவான். ஷ்மிட் என்பான் ஸ்மிட் ஆவான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பறங்கியரிடையே லொறென்ஸ், ஜான்ஸ் முதலிய பெயர்களின் ஈற்றில் ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தைக் காண்கிறோம். ஜேர்மானிய லொறென்ஸின் ஈற்றெழுத்து அப்பெயரின் ஓர் உறுப்பே. ஒல்லாந்த ஜான்ஸில் அது ‘மகன்’ என்னும் சொல்லின் சுருக்கக் குறி. ‘யானின் மகன்’ என்பதே அதன் பொருள். ஓரெழுத்தே ஈரினத்தைப் பிரித்துக் காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய அப்பேரேடுகள் பல இலட்சம் பதிவுகளோடு இன்றும் ஹேக் நகரச் சுவடிச்சாலையிற் பேணப்படுகின்றன. பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், முடிவில் யாது நேர்ந்தது என்னும் விவரங்களை அவற்றிற் காணலாம். ஓர் ஏழைப் போர்வீரனின் சந்ததியார் இருநூறு ஆண்டு கடந்தும் தம் மூதாதையின் ஊரைக் கண்டறிய அக்கணக்கே துணையாகின்றது.

சாள்ஸ் லொறென்ஸின் தந்தையாரும் ஜேர்மனியிலிருந்து இத்தீவுக்கு வந்து குடியமர்ந்தவரே. மைந்தரோ இந்நாட்டவராகவே வளர்ந்து, இந்நாட்டுக்காகவே வாதாடி, 1871இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

நம் கீழ்க்கரைக்கும் இக்கதைக்கும் தொடர்பு உண்டு. 1602இல் ஒல்லாந்தத் தூதர் ஸ்பில்பேர்கன் முதலில் வந்திறங்கிய இடம் மட்டக்களப்பே. 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய முதற் கோட்டையும் மட்டக்களப்புக் கோட்டையே. அங்கு வாழும் பறங்கியரிடையே அவுட்ஸ்கோர்ன், பார்தலட், றாகல், செல்லர், அந்திராடோ எனப் பல ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன. ஆயினும், பெயர் ஒல்லாந்தமாய் இருப்பினும் அவர்தம் மரபுவழி மொழி போர்த்துக்கேயக் கிரியோல். வியப்பாய்த் தோன்றும் இதன் காரணம் எளியது. ஐரோப்பியப் பெண்டிர் கப்பலேறி வந்தது அரிது. வந்த ஆடவர், போர்த்துக்கேயர் வழியிலும் இந்நாட்டு வழியிலும் வந்த கிறித்தவப் பெண்களை மணந்தனர். குழந்தைக்குப் பெயரைத் தந்தவர் தந்தை. மொழியைத் தந்தவள் தாய்.

இவ்விடத்தில் நம் குடிமுறையை ஒப்பு நோக்குதல் பயனுடைத்து. கீழ்க்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணி வந்த வழக்கம் அது. காலிங்கா குடி, படையாண்ட குடி, வடக்கனா குடி என வரும் குடிகள் தாய் வழியே இறங்குவன. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்தல் கூடாது என்பது விதி. பள்ளிவாசல் மரைக்காயரையும் குடிவாரியாகத் தெரிந்தெடுக்கும் மரபு நம்மிடை இருந்தது. இன்று இவ்வழக்கம் தளர்ந்து வருகிறது. பெயர் தந்தையின் வழியையும், குடி தாயின் வழியையும் காட்டுகின்றன.

இவ்விரண்டும் எவ்வளவைக் காட்டுகின்றன, எவ்வளவை மறைக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நமக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு மேல் எண்மர். இவ்வாறே பத்துத் தலைமுறை மேலேறினால், அவ்வரிசையில் மட்டும் 1,024 இடங்கள் உள. குடும்பப் பெயரைத் தந்தவர் அவருள் ஒருவரே. குடியைத் தந்தவளும் ஒருத்தியே. விரித்த விசிறியின் இரு ஓரங்களை மட்டும் நாம் அறிந்து வைத்துள்ளோம். இடையிலுள்ள 1,022 பேர் எம்மொழி பேசினர், எத்தெய்வத்தை வணங்கினர், எக்கரையிலிருந்து வந்தனர் என்பதைப் பெயர் சொல்லாது. ஆகவே பெயரைக் கொண்டு ஒருவரின் குருதியை அளக்க முற்படுதல் பெரும் பிழையாகும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. தஞ்சாவூரிலிருந்து 1659இல் மருத்துவராகக் கொழும்புக்கு வந்தவர் ஒருவரின் வழியினரே ஒண்டாச்சி குடும்பத்தார் என்பது அக்குடும்ப வரலாறு. ஒல்லாந்தரின் எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டமையால் அப்பெயர் ஐரோப்பியப் பெயராகவே பலர்க்குத் தோன்றுகிறது. 1943இல் கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறி, 1992இல் புக்கர் பரிசு பெற்ற நாவலாசிரியர் மைக்கல் ஒண்டாச்சி அக்குடும்பத்தினரே. தமிழகத்தில் முளைத்த பெயர் ஒல்லாந்த உடையணிந்து கனடா வரை சென்ற விந்தை இது.

பெயரின் வரலாறு வெறும் பொழுதுபோக்கன்று. சில வேளை ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அதிற் தொங்கும். 1908இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையிற் குடும்ப வம்சாவளிகளைத் தொடர்ந்து வெளியிட்டது. சுதந்திரத்தின் பின்னும், 1956இன் அரச கரும மொழிச் சட்டத்தின் பின்னும், பறங்கியர் பலர் அவுஸ்திரேலியா செல்ல விழைந்தனர். அந்நாடோ அக்காலத்தில் வெள்ளையரையே ஏற்கும் கொள்கையுடையது. ஆகவே தாம் ஐரோப்பிய வழியினர் என்று சான்று காட்ட வேண்டியதாயிற்று. முன்னோரைப் போற்றத் தொகுத்த வம்சாவளி, கடவுச்சீட்டோடு இணைக்கும் ஆவணமாயிற்று. ஒரே வீட்டிற் பிறந்தோருள்ளும் நிறத்தையும் தாளையும் கொண்டு தகுதி அளக்கப்பட்டது. 1973இல் அக்கொள்கை ஒழிந்தது. ஜேர்மனியிலிருந்து ஒல்லாந்து, அங்கிருந்து இலங்கை, இங்கிருந்து மெல்பேண் என அப்பெயர்கள் மூன்றாம் முறையும் இடம் பெயர்ந்துவிட்டன.

நம் முன்னோரும் பெயர்ந்து வந்தோரே. 1626இல் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேய ஆசிரியர் கெய்றோஸ் எழுதியுள்ளார். எனினும் அவருள் ஒருவரின் பெயரையும் ஊரையும் சொல்லும் பேரேடு நம் கையில் இல்லை. நம் பதிவேடு மூத்தோரின் நினைவே ஆகும்.

அந்நினைவும் நிலையற்றது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மட்டக்களப்பு டச்பாரில் வாழ்ந்த பறங்கியரையும் அது விட்டுவைக்கவில்லை. உயிரோடு சேர்ந்து, பிறப்புப் பத்திரங்களும் உறுதிகளும், கிழவிமார் நெஞ்சிலிருந்த குடிவழிகளும் கடலோடு போயின. பாடசாலை இடாப்பில் இன்றும் நாம் காணும் குறை ஒன்றுண்டு. ஒரு தாய் வயிற்று அண்ணனும் தங்கையும் தந்தையின் பெயரை இரு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதி வருகின்றனர். கொம்பனி எழுத்தர் காதிற் கேட்டு எழுதியதும் இவ்வாறே. அன்று அது நூற்றாண்டுகளின் குழப்பத்தை விளைத்தது. இன்று அது அடையாள அட்டைக்கும் காணி உறுதிக்கும் இடையே அலைச்சலை விளைக்கிறது.

ஆதலின், நேயர்களே, வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கொள்ளுங்கள். தந்தை வழியை ஒரு பக்கத்திலும் தாய் வழியை மறுபக்கத்திலும் எழுதுங்கள். பெயர், குடி, பிறந்த ஊர், மணந்து வந்த ஊர் ஆகியவற்றைக் குறியுங்கள். இரண்டு பிரதி செய்து, ஒன்றைக் கரையிலிருந்து தொலைவில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பெயர் தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். பெருமைக்காக ஓர் அரசனையோ அரபு வணிகனையோ அங்கே நிரப்ப வேண்டா. ஓர் ஏழைப் போர்வீரனின் பெயர் பேரேட்டில் உள்ளபடியே இருந்ததால்தான் இருநூறு ஆண்டின் பின்னும் அவன் வழியினர்க்குப் பயன்பட்டது.