நீதியின் எல்லை: பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸும் தோட்டத் தொழிலாளரும்

நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை அவரது தனிப்பட்ட நேர்மையின் வரலாறாக எழுதுவதே மரபு. அந்நேர்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆயின் அது எத்தகைய நிறுவனத்தினுள், யாருக்காக, எந்த எல்லைவரை செயற்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டிய வினாவாகும். 1936 முதல் 1939 வரை இலங்கையின் பிரதம நீதியரசராகவிருந்த சேர் சிட்னி ஏபிரகாம்ஸின் வாழ்வு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும்.

ஏபிரகாம்ஸ் 1885இல் பேர்மிங்ஹாமில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர், கேம்பிரிட்ஜிற் கற்றவர், 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீளம் பாய்ந்தவர். கோல்ட் கோஸ்டிற் சட்டமா அதிபராகவும், உகண்டாவிலும் தங்கனீக்காவிலும் பிரதம நீதியரசராகவும் கடமையாற்றிய பின்னரே கொழும்புக்கு வந்தார். குடியேற்றநாட்டு நீதிபதி, லண்டனின் விருப்பப்படி நாட்டுக்கு நாடு மாற்றப்படும் உத்தியோகத்தரேயாவார். இப்பின்னணியிலேயே 1937ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முக்கியத்துவம் புலனாகும்.

தோட்டத்துரைத் தொழில் பயில வந்த பிறேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர், தொழிலாளரின் நிலை கண்டு சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர்முன் துரைமாரைச் சாடினார். துரைமார் கொதித்தெழுந்தனர். தேசாதிபதி ஸ்ரப்ஸ், 1896ஆம் ஆண்டு மன்றக் கட்டளையொன்றைத் துணைக்கொண்டு அவரை நாடு கடத்த ஆணையிட்டார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. எச். வி. பெரேரா பிறேஸ்கேடிலுக்காக வாதாடினார். நெருக்கடி நிலைக்கென வழங்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்திற் பயன்படுத்த முடியாதென ஏபிரகாம்ஸும் ஏனைய இரு நீதியரசர்களும் தீர்ப்பளித்தனர், பிறேஸ்கேடில் விடுதலையானார். தேசாதிபதியின் செயலும் சட்டத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதே என்பது நிலைநாட்டப்பட்டது. குடியேற்ற ஆட்சியில் இது சிறிய காரியமன்று.

எனினும் அத்தீர்ப்பு அதிகாரத்தின் வரம்பைப் பற்றியதேயன்றி, பிறேஸ்கேடில் பேசிய தொழிலாளரின் வாழ்வைப் பற்றியதன்று. லயமும் கூலியும் நீதிமன்றத்தின் முன் இருக்கவில்லை. மூன்றாண்டு கழியுமுன், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

இலங்கையை விட்டகன்ற ஏபிரகாம்ஸ், 1946இல் நியாசலாந்தின் காணிப் பிரச்சினையை ஆராய நியமிக்கப்பட்டார். அங்கும் தோட்டக் காணியில் வாழ்ந்த ஆபிரிக்கர் குடியிருப்புக்கு ஈடாக உழைப்பை அளித்து வந்தனர். அக்காணிகளை அரசு பெற்று அவர்களுக்கு வழங்கவேண்டுமென அவர் பரிந்துரைத்தார். நீதிமன்றத்தில் எழாத உடைமைப் பிரச்சினை, விசாரணை ஆணையாளராகிய அவர்முன் நேரடியாக எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கையிலோ நிலைமை வேறு திசையிற் சென்றது. 1937இல் பிறேஸ்கேடிலும் இந்திய வம்சாவளித் தொழிலாளரும் சட்டத்தின் கண்ணில் பிரித்தானியப் பிரசைகளே. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1936இல் கலாநிதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்தே கோடக்கன்பிள்ளையின் வாக்குரிமை வழக்கு எழுந்தது. மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாக முடிவு செய்தார்; உயர் நீதிமன்றம் 1951இல் அதனை மாற்றியது; கோமறைக் கழகம் 1953இல் அம்மாற்றத்தை உறுதிசெய்தது. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது சட்டசபையின் இயல்பான பணியே என்பது அதன் நிலைப்பாடு.

இரு தீர்ப்புகளையும் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். தேசாதிபதி சட்டத்தை மீறியபோது நீதிமன்றம் தடுத்தது. சட்டமே உரிமையைப் பறித்தபோது அதற்கு இசைந்தது. குருவிட்டையிலும் றுவான்வெல்லையிலும் இறப்பர் வெட்டிய தொழிலாளிக்கு 1937ஆம் ஆண்டுத் தீர்ப்பு பயன்படாமற் போனமைக்குக் காரணம் இதுவே. நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்களின் முக்கிய கட்டமொன்று 2003இலேயே வந்தது. அதனைச் சாத்தியமாக்கியதில் நீதிமன்றத்தின் பங்கிலும் பல்லாண்டுப் போராட்டங்களினதும் அரசியற் பேரங்களினதும் பங்கே பெரிதாகும்.