பச்சை டிக் போடுவது யார்?

அலுவலக ஆன்லைன் பயிற்சியில் கடைசி ஸ்லைடைத் தாண்டியதும் பெயருக்கு நேரே பச்சை டிக் விழுகிறது. பல அலுவலகங்களில் அதற்குப் பின்னால் வேலை செய்வது ஸ்கார்ம் என்ற விதித்தொகுப்பு. ஒருவர் தயாரித்த பாடம் எந்த நிறுவனத்தின் எல்எம்எஸ்ஸிலும், அதாவது பாடங்களை நடத்திப் பதிவு வைக்கும் மென்பொருளிலும், ஓட வேண்டும் என்பதற்காக, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997-இல் தொடங்கிய ஏடிஎல் திட்டத்தில் உருவானது. 2001-இல் வந்த 1.2 பதிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் என்னை ஈர்ப்பது ஒரு சிறு பகுதி. படித்தவரின் நிலையைக் குறிக்க அதில் ஆறே குறிகள்: தேர்ச்சி, தோல்வி, முடிந்தது, முடியவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடங்கவில்லை. எந்தக் குறி என்பதைப் பெரும்பாலும் பாடமே எல்எம்எஸ்ஸுக்குச் சொல்கிறது. கடைசி ஸ்லைடு திறந்தாலே 'முடிந்தது' என்று அனுப்பும்படி தயாரித்தவர் அமைத்திருந்தால், எல்எம்எஸ் மறுகேள்வி கேட்காமல் பதிந்துகொள்ளும். வருகைப் பதிவேட்டைப் போல, ஆள் வந்ததற்கு மட்டுமே அது சாட்சி.

பாடம் மனதில் நிற்க வேறொன்று வேண்டும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப்பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழானது: முன்னவர்களுக்கு 42, பின்னவர்களுக்கு 56. பாடம் முடிந்த கையோடு வைக்கும் தேர்வு எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தீயணைப்புக் கருவியைக் கையாளும் முறை ஊழியருக்குத் தேவைப்படப்போவது ஐந்து நிமிடத்தில் அல்ல, என்றோ ஒருநாள்.

பயிற்சி அளித்ததற்குச் சட்டம் ஆதாரம் கேட்கிறதே என்பார்கள். நியாயம்தான், பதிவு இருக்கட்டும். ஆனால் ஆதாரம் கிடைத்ததோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டால், விபத்து நாளில் அந்தப் பதிவு யாரையும் காப்பாற்றாது. ஊழியருக்கு நேரமில்லை என்பது அடுத்த வாதம். ஒரு மணி நேரப் பாடத்தைக் கொஞ்சம் சுருக்கி, மிச்சமாகும் நேரத்தில் வாரம் விட்டு வாரம் மூன்று கேள்விகளைக் கைப்பேசிக்கு அனுப்பினால் கூடுதல் நேரம் கேட்க வேண்டியதில்லை. தொழில்நுட்பமும் தடையில்லை. 2013-இல் வந்த எக்ஸ்ஏபிஐ என்ற விதித்தொகுப்பு, யார் என்ன செய்தார் என்பதைக் கைப்பேசியிலிருந்தும் செயல்முறைப் பயிற்சியிலிருந்தும் பதியும். ஆனால் அதனிடமும் 'முடித்தாரா' என்று மட்டுமே கேட்டால் அதை மட்டுமே சொல்லும். ஆகவே பாடம் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் விலைக்கு முன்பாக ஒன்றைக் கேட்க வேண்டும்: ஒரு வாரம் கழித்து இந்தப் பாடம் எங்கள் ஊழியரிடம் என்ன கேட்கும்?