நான்காம் பாட்டுவரை பொறுத்திருப்போம்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் பனியன் நகரமாம் திருப்பூருக்கு அருகிலேயே அமைந்துள்ளன. திருப்புக்கொளியூர் என்று போற்றப்படும் அவிநாசியில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் நிகழ்த்திய அற்புதத்தை அறியாத சைவ அன்பர் இலர். இளையோருக்கும் புதியோருக்கும் பக்தியைக் கற்பிக்க முற்படுவோர் அதனை மீண்டும் ஒருமுறை சிந்தித்தல் நலம்.

எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் உபநயனத்தின் மங்கல ஒலி, மற்றொன்றில் அழுகுரல். காரணம் யாதென வினவினார் சுந்தரர். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கே இன்று பூணூல் என்றனர். மகனை இழந்த பெற்றோரோ, சுந்தரரைக் கண்டதும் துயரை மறந்து முகமலர்ந்து வணங்கினர். அவ்வன்பில் உருகிய சுவாமிகள் குளக்கரையில் நின்று பதிகம் பாடினார்.

முதற்பாட்டில் பிள்ளை வரவில்லை. இரண்டிலும் மூன்றிலும் வரவில்லை. நான்காம் பாட்டில்தான் முதலை பிள்ளையைக் கரையில் சேர்த்தது என்கிறது பெரியபுராணம். தம்பிரான் தோழரே நான்காம் பாட்டுவரை பாடினார் எனில், நாம் இரண்டாம் நாளே சலித்துக்கொள்வது முறையாகுமா?

இன்று திருப்பூரில் பெற்றோர் இருவரும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் இல்லங்கள் பல. பேரக்குழந்தைக்குத் திருநீறு இட்டுத் திருமுறை சொல்லித்தரும் பொறுப்பு பாட்டனார், பாட்டியிடமே வந்து சேர்கிறது. பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்த குடும்பம் இருக்கும். அக்குழந்தையும் உடன் வந்து அமரும். அதன் நாவில் ழகரம் எளிதில் வாராது. அதட்டினால் மறுநாள் குழந்தையே வாராது. உச்சரிப்பு நாளடைவில் திருந்தும். அஞ்சி விலகிய மனத்தைத் திருப்புவதே கடினம்.

திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் (1906–1993) இந்த நுட்பத்தை நன்கு உணர்ந்தவர். பெருங்கூட்டத்தின் நடுவே கதையை நிறுத்திச் சிறுவர்களிடம் கேள்வி கேட்பார்; விடை சொன்ன பிள்ளைக்குப் பரிசும் தருவார். அறிவுக்கடலாகத் திகழ்ந்தும் குழந்தையின் மழலைக்குச் செவிசாய்த்துக் காத்திருந்தார்.

அவிநாசி வரலாற்றில் மற்றுமொரு நயமும் உண்டு. மீண்டு வந்த பிள்ளை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியுடனே வந்தான். சுந்தரர் அவனுக்கும் உபநயனம் செய்வித்தார். காலம் கடந்து வந்தவன் என்று எவரும் அவனை ஒதுக்கவில்லை. ஐம்பது வயதில் முதன்முறையாகத் தேவாரம் கற்க வருபவரையும் அவ்வாறே வரவேற்போம். விதைப்பது நம் கடமை; முளைப்பிக்கும் பொறுப்பை அவிநாசியப்பர் ஏற்றுக்கொள்வார்.