கல்லாப் பக்கத்து இரைச்சல்

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின், சிட்டையும் பேரேடுமாக இருந்த நம் கடைகள் பலவற்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்த புதிதில் அது ஓடுவதே தெரியாது. ஒரு வருடம் கழிந்தால் மாவு மில் போல இரைகிறது. வெளியூர் வியாபாரி போனில் "எழுபது மூட்டை" என்றால் நம் காதில் "எண்பது" என்று விழுகிறது.

இதற்குக் காரணம் நம் மண்ணும் சரக்கும்தான். கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. ஆனி, ஆடிக் காற்றில் கிளம்பும் புழுதிக்குக் கதவு ஒரு தடையல்ல. அதோடு பருத்திப் பஞ்சு, பயறு தூசு, கடலைத் தோல், சாக்கு நார் எல்லாம் சேர்கின்றன. கம்ப்யூட்டரின் பிராசசர் மேல், சூட்டை வெளியேற்ற உலோகத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் உண்டு. தகடுகளின் இடுக்கில் தூசு அடைத்தால் சூடு தங்கிவிடும். சூடு ஏற ஏற விசிறி தானாகவே வேகம் பிடிக்கும். இரைச்சல் என்பது உள்ளே சூடு ஏறுகிறது என்ற எச்சரிக்கையே.

இதை அறியாமல் நாம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சத்தம் தாங்காமல் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு திரையைப் போட்டு மூடினோம். சத்தம் குறைந்தது. ஆனால் மாதாந்தர 3பி படிவத்துக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி, கணக்கு பார்த்துக்கொண்டிருக்கையில் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்தது. கணக்குக் கோப்பு கெட்டு, நாலு நாள் பில்களை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. தாமதக் கட்டணமும் கட்டினோம்.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைத் திறந்து, புளோயரால் தூசு நீக்குங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

2. சுத்தம் செய்த பின்னும் கரகரவென்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. விசிறியை மாற்றுங்கள். பெட்டியின் காற்றுப் போக்கு விசிறியை மாற்றும்போது, இடமிருந்தால் 80 மில்லிமீட்டருக்குப் பதில் 120 மில்லிமீட்டர் போடலாம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். விசிறியின் வேகம் பாதியானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும்.

3. சில வருடங்களில் பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்துவிடும். மெக்கானிக்கிடம் சொல்லிப் புதிதாக இடச் செய்யுங்கள்.

4. பவர் சப்ளை டப்பாவை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

5. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். ஓர் அடி உயர ஸ்டூலில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடியில் ரப்பர் துண்டுகள் கொடுத்து வையுங்கள். துணி போட்டு மூடவே கூடாது.

ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை, பொங்கலுக்குக் கடையை வெள்ளையடிக்கும்போது ஒரு முறை என வருடத்தில் இரு தடவை இதைச் செய்தால் போதும். தராசுத் தட்டைத் தினமும் துடைக்கிற நாம், வருடக் கணக்கையே சுமக்கிற பெட்டிக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். அன்றன்றைய கணக்கை இரவு கடை அடைக்குமுன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைப்பதையும் வழக்கமாக்கிக்கொள்வோம்.